எல்லைக்கல்லின் தலைக் கரி

எல்லைக்கல்லுக்கு முதலில் துரோகம் செய்தது மேலக்குளத்துக் குப்பை வண்டி.

அந்தக் கல் முன்பொரு காலத்தில் மேலக்குளத்துக்கும் கீழக்குளத்துக்கும் நடுவே, பொட்டலில் நட்டுவைக்கப்பட்டது. ஒரு முகம் அந்த ஊராட்சியைப் பார்க்கும், மறு முகம் இந்த ஊராட்சியைப் பார்க்கும். ஓர் ஆடி மாதம் வண்டி வந்து அதன் காலடியில் குப்பையைக் கவிழ்த்தது. பின்னாலேயே தீ வந்தது.

"ஏலே, என் காலடிதான் ஒனக்குக் கெடைச்சுதா?" என்றது கல்.

"கோவிக்காதீரும் பெரியவரே. காத்து கெழக்க பாத்து அடிக்கு. புகை எங்க ஊருக்கு வராது," என்றது வண்டி.

மார்கழியில் காற்று மேற்கே திரும்பியது. வாடை வீசியதும் கீழக்குளத்து வண்டி வந்து மறுபக்கம் கவிழ்த்தது. "அவன் ஆடியில செஞ்சான், நான் மார்கழியில செய்யுதேன். சரிக்குச் சரி."

அதுவே வழக்கமாகிவிட்டது. காற்று பார்த்துக் கொளுத்துவது பெரிய கெட்டிக்காரத்தனம் என்று இரண்டு ஊரும் நினைத்துக்கொண்டன.

கல் தன் உடம்பு கருத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டது. ஆனால் அதன் அடியில் ஒரு புங்கங்கன்று தானாக முளைத்திருந்தது. கல்லின் ஆயுசில் அதன்மேல் விழுந்த முதல் நிழல் அது. ஒரு கை அகலம்தான். ஒவ்வொரு தீயிலும் கன்று கருகும், மழை வந்ததும் துளிர்க்கும். அந்த மழையும் இப்போது வருசத்துக்கு வருசம் தள்ளித் தள்ளிப் போனது.

கல் ஒருநாள் புகையை மறித்துக் கேட்டது. "நீ எந்த ஊருக்குத்தான் போற?"

"எந்த ஊருக்கும் போகல தாத்தா. கொஞ்ச நேரம் மூக்குல ஏறுவேன். அப்புறம் என்கூட வந்த, கண்ணுக்குத் தெரியாத ஆவி மேல போயி, ரெண்டு ஊருக்கும் சேத்துக் கம்பளி விரிச்சாப்ல கெடக்கும். சூடு வெளிய போகாது. மேல எல்லைக்கல் யாரும் நடலையே."

போகி வந்தது. ஊரே பழைய பாயும் டயருமாகக் கொட்டியதால் மேலக்குளத்து வண்டியால் ஆடி வரைக்கும் காத்திருக்க முடியவில்லை. அன்றைக்கு இரண்டு பக்கமும் தீ. காற்று சட்டென்று நின்றுபோனது. புகை இரண்டு ஊரின் மேலும் சமமாகக் கவிழ்ந்தது.

சண்டை பிடிக்க இரண்டு ஊராட்சித் தலைவர்களும் இருமிக்கொண்டே ஓடிவந்தார்கள்.

"என்ன மதினி, எங்க ஊரைக் கொல்லப் பாக்கியளா?" என்றார் மேலக்குளம் வெயிலுமுத்து.

"ஆடிக்கு நீங்க சீர் அனுப்பினிய. பதிலுக்கு இது பொங்கப்படி கொழுந்தனாரே," என்றார் கீழக்குளம் செல்லக்கிளி.

கல் கத்தியது. "ஏய், புள்ள வேகுது." மனிதர்களுக்குக் கல்லின் பேச்சு கேட்காது. ஆனால் செல்லக்கிளியின் கண்ணில் கன்று பட்டுவிட்டது. தீயைக் காலால் விலக்கி, கையிலிருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றினார். போதவில்லை. வெயிலுமுத்து குடிக்க வைத்திருந்ததையும் எடுத்து ஊற்றினார். கன்று புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது.

இருவரும் கல்லின் இரு பக்கமும் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார்கள்.

"எங்ககிட்ட குப்பைய மக்க வைக்கக் குழி வெட்டிக் கெடக்கு மதினி. தரம் பிரிக்க ஆளில்ல."

"எங்ககிட்ட ஆளு இருக்கு. குழிக்கு எடமில்ல."

"இத முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கலையே."

தை முதல் இரண்டு வண்டியும் ஒரே குழிக்குப் போயின. ஆடி பிறந்தது. மேல்காற்று அடித்ததும் கல் பழக்கத்தில் கன்றை நினைத்து நடுங்கியது. தீ வரவில்லை. புங்கன் கல்லின் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, இலையால் அதைத் தடவிக்கொடுத்தது.

கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் ஊராட்சிகள் மறக்கவில்லை. மேலக்குளம் தன் முகத்துக்கு அடித்தது. கீழக்குளம் தன் முகத்துக்கு அடித்தது. உச்சந்தலை எந்த ஊரிலும் சேராததால் அங்கே கரி அப்படியே இருக்கிறது. புங்கன் ஒரு கொப்பை மட்டும் அதன்மேல் குடையாகச் சாய்த்து வைத்திருக்கிறது.

மேலக்குளத்து வண்டி அந்த வழியாகத் தினமும் போகிறது. "வாரேன் பெரியவரே," என்கிறது.

கல் காத்திருக்கிறது. முதல் தீயைக் கொண்டுவந்ததற்கு அந்த வண்டி சொல்ல வேண்டிய வார்த்தை வேறு. அது இன்னும் வந்து சேரவில்லை.