இடது பெடல் இடம்புரியான கதை

கிறீச்… டக். கிறீச்… டக். உப்பளத்து வரப்பில் ஆள் தெரிவதற்கு முன்னால் இந்தச் சத்தம்தான் வந்து சேரும். "தண்ணி வருது" என்று வேலையாட்கள் உப்பு வாரும் பலகையைச் சாய்த்துவிட்டு நிமிர்வார்கள்.

அந்தக் காலத்தில் இரும்புக்கும் சங்குக்கும் வாய் இருந்தது. சைக்கிளின் இரண்டு பெடல்களும் அக்காள் தங்கை. இரண்டின் அச்சிலும் உள்ள திருகு மரை வலப்பக்கமாகச் சுற்றிப் போகும், வலம்புரிச் சங்கைப் போல. அதில் இரண்டுக்கும் பெருமை.

அந்தச் சைக்கிள் அமலோற்பவத்தினுடையது. உப்பளத்தில் எங்கே தோண்டினாலும் உவர்நீர்தான். ஊர்க்குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து, குடங்களைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பது அவள் பிழைப்பு.

சக்கரம் முன்னே ஓட ஓட வலது பெடல் இறுகிக்கொண்டே போகும். இடது பெடலோ தளர்ந்துகொண்டே வரும். ஒருநாள் பாதி வழியில் அது கழன்றே விழுந்துவிட்டது. சைக்கிள் சாய்ந்தது. தண்ணீர் முழுக்க மண்ணுக்கு.

கழன்ற பெடலை மடியில் கட்டிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி வந்தவளைப் பார்த்து, உப்பு வாரும் சவேரி சிரித்தான். "என்ன மதினி, ரோட்டுக்குத் தாகமெடுத்துச்சோ?"

அவன் உதடு வெடித்திருந்தது. சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. "நாளைக்கும் இப்படின்னா மாட்டுவண்டிக்காரரத்தான் கூப்பிடணும். கோவிக்காதிய."

"கூப்பிடுங்க. மாடு குடிச்ச மிச்சம் உங்களுக்கு" என்றாள். வாய்தான் அப்படிப் பேசியது.

வீட்டுக்கு வந்து சைக்கிளை முற்றத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். இதுவரை ஒரு திருகாணியைக்கூடத் தொட்டதில்லை. பெடலை வாசல்படியில் வைத்துவிட்டு ஸ்பேனர் தேட உள்ளே போனாள்.

"உனக்கு மரை கழண்டுபோச்சு தங்கச்சி" என்றது வலது பெடல்.

"வேணும்னேவா விழுறேன்? நீயும் நானும் ஒண்ணாத்தான மிதிபடுறோம்."

கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்த இடம்புரிச் சங்கு வாயைத் திறந்தது. "மிதி ஒண்ணுதான். நிக்கிற பக்கம் வேறல்லா? என்னை மாதிரி இடமாச் சுத்திக்கோ, கழலமாட்ட."

"இடம்புரியாவா? ஊரு சிரிக்காது?"

"வலம்புரியப் பட்டுல பொதிஞ்சு பூட்டி வச்சிருவாவ. புள்ளைக்குப் பால் புகட்டுறதும் கதவுக்கு முட்டுக்குடுக்கதும் நாங்கதான். உனக்குக் கும்பிடு வேணுமா, வேலை வேணுமா?"

இடது பெடலுக்குச் சவேரியின் வெடித்த உதடு நினைவில் வந்தது. பிறகு தன் அச்சைச் சங்கின் வாய்க்குள் நுழைத்து, மெல்ல மெல்ல இடப்பக்கமாகச் சுற்றியது. வலித்தது. மரை ஒவ்வொரு கோடாகத் திரும்பியது. அதைப் பார்த்த, பெடல் மாட்டும் தண்டான இடது கிராங்க், "நீ திரும்புனா நான் மட்டும் எதுக்குப் பழையபடி இருக்கணும்?" என்று தன் ஓட்டையின் மரையையும் திருப்பிக்கொண்டது.

அமலோற்பவம் ஸ்பேனரோடு வந்தாள். எல்லாத் திருகையும் போலத்தானே என்று வலப்பக்கமாகச் சுற்றினாள். பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள்.

"ஐயோ, அழுத்தாதிய! மரை செத்துப்போகும், அப்புறம் நான் எதுக்குமே ஆகமாட்டேன்" என்று கத்தியது பெடல். "மொதல்ல ஸ்பேனரக் கீழ வைங்க. கொஞ்சம் கிரீஸ் தடவி, விரலாலயே சுத்துங்க. முன்சக்கரத்தப் பாத்துச் சுத்துங்க."

"ஏளா, கோணப்புத்திக்காரி! எப்பத் திரும்புன நீ?" என்றவள், சொன்னபடியே செய்தாள். வெண்ணெயில் விரல் போவதுபோல் மரை உள்ளே போயிற்று. கடைசியில் ஸ்பேனரை மாட்டி, பிடி மேலே பார்க்க நிறுத்தி, முன்சக்கரத்துப் பக்கமாக ஒரு தள்ளு தள்ளினாள். இறுகியது. சந்தேகம் தீராமல் பின்சக்கரத்துப் பக்கம் இழுத்துப் பார்த்தாள். கழன்றது. மறுபடி இறுக்கினாள். வலது பெடலையும் அப்படியே கழற்றி மாட்டிப் பார்த்தாள். அதற்கும் அதே கணக்கு.

"மரைதான் வேற. இறுகுறதுக்கு ரெண்டு பேருக்கும் ஒரே திசை, முன்னாலதான்" என்று சொல்லி அவளே சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் தண்ணீர் தளும்பாமல் உப்பளம் சேர்ந்தது. சவேரி செம்பை அண்ணாந்து குடித்துவிட்டு, "இன்னைக்கு ரோட்டுக்குக் குடுக்கலியா மதினி?" என்றான்.

"உமக்கே பத்தலையே" என்றாள் அவள்.

அன்று முதல்தான் எந்தச் சைக்கிளானாலும் இடது பெடலின் மரை மட்டும் இடப்பக்கமாகச் சுற்றுகிறது; புதிதாகக் கழற்ற உட்காருகிறவர்கள் அதை முதலில் நன்றாக இறுக்கிவிட்டு, அப்புறம் தலையைச் சொறிகிறார்கள்.

அமலோற்பவம் காலிக் குடங்களைக் கட்டிக்கொண்டு அடுத்த நடைக்குக் குழாயடிப் பக்கம் மிதித்தாள்.