ஒரு பந்தும் தவறாத நடுவர்

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்திரண்டு. கேட்பவர்கள் நான் மாற்றிச் சொல்லிவிட்டதாகவே நினைப்பார்கள். மாற்றிச் சொல்லவில்லை.

குருவின் பெயர் ஹலீமா. திரையில் ஆடும் கோல்ஃப் விளையாட்டு ஒன்றுக்குக் களம் வரைவது அவர் தொழில். சீடர் அம்பலவாணன், நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் அந்த விளையாட்டைக் கற்றார். இரண்டே ஆண்டுகளில் அதில் அவரை வெல்ல ஆளில்லை என்றாயிற்று. பிறகு ஒருநாள் ஹலீமாவின் பாளையங்கோட்டை அலுவலகத்துக்கு நேரில் வந்து, "ஆடத் தெரியும். வரையச் சொல்லித் தாங்க டீச்சர்" என்று நின்றார். அன்று முதல் அவர் டீச்சர், இவர் அண்ணாச்சி.

அந்த ஆண்டு விளையாட்டை நடத்தும் நிறுவனம் ஒரு போட்டி வைத்தது. உலகில் இருக்கவே முடியாத கோல்ஃப் களம் ஒன்றைக் கற்பனை செய்து, கணினியில் வரைந்து அனுப்ப வேண்டும். வெல்லும் களம் விளையாட்டில் சேர்க்கப்படும். ஊர் உலகமெல்லாம் அதில் ஆடும். நாற்பத்தொரு களங்கள் வந்தன. ஒருவர் திமிங்கலத்தின் முதுகில் புல் வளர்த்திருந்தார். இன்னொருவர் இட்லித் தட்டுகளை ஆகாயத்தில் அடுக்கி, பதினெட்டுக் குழிகளுக்குக் கணக்குக் காட்டியிருந்தார்.

ஹலீமாவை வேறு வேலை நெருக்கியது. "நீங்களே எல்லாத்தையும் ஆடிப் பாத்து மார்க் போட்டுருங்க அண்ணாச்சி" என்றார். அம்பலவாணன் ஒன்பது நாள் அமர்ந்து ஆடினார், மார்க் போட்டார். பட்டியலின் அடியில் இருவரும் கையெழுத்திட்டனர். திமிங்கலம் வென்றது.

முடிவு வெளியான அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் நாகர்கோவில் கிரேஸ்லின். நாற்பத்தொன்றில் கடைசியாக நின்றது அவருடைய களம்.

'முடிவைக் கண்டேன். ஒன்றை மட்டும் அறிய விரும்புகிறேன். ஆடிப் பார்த்தபோது உங்கள் பந்து எத்தனை முறை பாதையை விட்டு விலகியது? மாலை ஐந்து மணிக்கு என் களத்தை அழித்துவிடப் போகிறேன்.'

அம்பலவாணன் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"பாத்தீங்களா டீச்சர்? தோத்த கோவத்துல இந்தப் பொண்ணு நம்ம கையையே சந்தேகப்படுது."

"எத்தனை தடவை விலகுச்சு?"

"நீங்களுமா கேக்கீங்க? பதினெட்டுக் குழி. முப்பத்தாறே அடி. பந்து ஒரு தடவைகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகல."

"குறிப்பு என்ன எழுதுனீங்க?"

அவர் குறிப்பேட்டைப் புரட்டி, மேடையில் வாசிப்பவர்போல் வாசித்தார். "மேகத்தின் மீது நேரான வெள்ளைப் பாதை. வளைவில்லை, தடையில்லை. கற்பனை வறட்சி. நூற்றுக்குப் பதினொன்று."

"அதென்ன பதினொன்னு?"

"மேகத்துக்குப் பத்து. பேரை ஒழுங்கா எழுதினதுக்கு ஒன்னு."

ஹலீமா சிரிக்கவில்லை. அம்பலவாணனின் சிரிப்பும் மெல்ல அடங்கிற்று.

"அப்ப எதுக்கு டீச்சர் இப்படி ஒரு கேள்வி கேக்குது?"

ஹலீமா கிரேஸ்லினின் களத்தைத் திரையில் திறந்தார். கன்ட்ரோலரை எடுத்துச் சீடரின் இடக்கையில் வைத்தார்.

"திரையப் பாக்காதீங்க. என்னையப் பாத்துக்கிட்டே அடிங்க."

"விளையாடுதீங்களா டீச்சர்?"

"நீங்கதான் விளையாடணும்."

அடித்தார். பந்து வலப்புறம் சறுக்கி, மேகத்தின் விளிம்பைத் தாண்டியது. வேறு எந்தக் களத்திலும் பந்து அத்துடன் தொலைந்ததாகக் கணக்கு; தண்டனையாக ஓர் அடி கூடும். இங்கே பந்து விழுந்தது. நெடுநேரம் விழுந்துகொண்டே இருந்தது. பின்னர் மேகத்துக்கு அடியில், மழை நனைத்த உப்பளம் ஒன்று விரிந்தது. பந்து வரப்பு வழியே ஓடியது. குடை பிடித்து வந்த பெண்ணொருத்தி ஒதுங்கி வழிவிட்டாள். எதிரே ஒரு கலங்கரை விளக்கம். பந்து அதன் சுழற்படிகளில் தானே ஏறி, உச்சிச் சாளரத்தின் வழியே மேகத்துக்கு மீண்டு, குழிக்கு நான்கடி தள்ளி வந்து நின்றது.

அம்பலவாணன் திரைப்பக்கம் திரும்பினார். இரண்டாம் குழிக்கு அடித்தார். அங்கே பனைமரங்கள் மேகத்தை வேரால் பற்றித் தலைகீழாகத் தொங்கின. மூன்றாவதில், ஆளில்லாத பேருந்து ஒன்று பந்து ஏறியதும் விசில் ஊதிப் புறப்பட்டது.

"இதையே இடது பக்கம் விட்டா, டீச்சர்?"

"விட்டுப் பாருங்க."

இடப்புறத்தில் வேறோர் உலகம் இருந்தது.

அவர் கன்ட்ரோலரை வைத்துவிட்டு, அவசரமாக மின்னஞ்சல் ஒன்று தட்டினார்: 'பொறுத்தருள்க. களத்தை அழிக்க வேண்டாம்.' பதில் இல்லை. கிரேஸ்லின் போட்டிக்கு அனுப்பிய படிவத்தில் தொலைபேசி எண்ணும் இல்லை.

"நகல் வச்சிருக்கோமா டீச்சர்?"

"மார்க் குறைஞ்சதுக்கெல்லாம் நகல் எடுக்க வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க. முடிவு வந்தப்புறம் வரைஞ்சவங்க சம்மதிச்சாத்தான் எடுக்க முடியும்."

"அப்ப முடிவையாவது மாத்திருவோம்."

"காலையில திமிங்கலக்காரருக்கு நீங்கதானே ஃபோன் பண்ணீங்க? என்ன சொன்னாரு?"

அம்பலவாணன் தரையைப் பார்த்தார். "அழுதுட்டாரு."

"அதை எப்படித் திருப்பி வாங்குவீங்க?"

அவர் மீண்டும் ஆட அமர்ந்தார். இப்போது இடக்கை தேவைப்படவில்லை, வலக்கையாலேயே வேண்டுமென்று கோணலாக அடித்தார். நான்கு, ஐந்து, ஆறு. ஏழாம் குழியில் பந்து ஓர் ஓடையில் விழுந்து மிதந்தது. தொலைவில் யாரோ பாடுவது கேட்டது. ஓடை வளைந்தது. அந்த வளைவுக்கு அப்பால் யார் என்று பார்க்க, அம்பலவாணன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

திரை வெளுத்தது. 'இக்களம் உரிமையாளரால் நீக்கப்பட்டது' என்றொரு வரி மட்டும் நின்றது. மணி ஐந்து.

"யார் டீச்சர் பாடுனது?"

"தெரியாது அண்ணாச்சி."

அம்பலவாணன் கிரேஸ்லினின் மின்னஞ்சலை மீண்டும் திறந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன எழுத?"

"கேட்டதுக்குப் பதில் எழுதுங்க."

அவர் மன்னிப்பைச் சில வரிகளில் தட்டினார், அழித்தார். களத்தைப் புகழ்ந்து சில வரிகள் தட்டினார், அவற்றையும் அழித்தார். இறுதியில் 'ஒருமுறையும் இல்லை' என்று மட்டும் எழுதி அனுப்பினார். சற்று முன்புவரை மார்தட்டிச் சொல்லத்தக்கதாக இருந்த வாசகம் அது.

பின்னர், பாரம் தாங்காதவர்போல், பட்டியலை எடுத்துக் குருவின் முன் விரித்தார்.

"இதுல உங்க கையெழுத்தும் இருக்கே டீச்சர். நீங்க ஏன் ஒரு தடவை ஆடிப் பாக்கல?"

கேட்ட பிறகே, குருவையே குற்றம் சாட்டிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. ஆனாலும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

ஹலீமா கையெழுத்துகளைப் பார்த்தார். ஒன்றன் கீழ் ஒன்றாக, கோடு போட்டதுபோல நேராக இருந்தன.

"நீங்க ஆடினா ஒன்னுகூடத் தவறாதுன்னு இருந்துட்டேன் அண்ணாச்சி" என்றார்.