பின் சீட்டில் இன்ஸ்பெக்டர்

லைசென்ஸுக்கு எட்டுப் போடும் மைதானத்தில் பேச்சித்தாய் தன் ஸ்கூட்டரோடு ஒண்டியாக வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் மீசையை முறுக்கினார்.

"எல் போர்டு வண்டியைத் தனியா ஓட்டலாமா? சட்டம் தெரியாது?"

"ஓட்டலையே சார், தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன்."

அவர் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. கூட்டம் சிரித்ததும் அவருக்குச் சுருக்கென்றது.

"லைசென்ஸ் உள்ள ஆள் பின்னாடி உட்காராம டெஸ்ட் கிடையாது. வீட்லேருந்து யாரையாவது கூட்டிட்டு வா!"

"வீட்ல யாருமில்ல சார். உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குமே, ஏறுங்க."

சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் ஏறினார். கால் ஊன்றாமலே எட்டு முடிந்தது. இறங்கியவர், "பாஸ்" என்று முனகினார்.

"இன்னொரு எட்டுப் போடட்டுமா சார்?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

பின்னால் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுத்த புருஷன் செத்துப்போன பிறகு அந்தச் சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.