சித்திரத்துக்குள் போன வாசகசாலை

கிட்ட வாங்க, இன்னும் கிட்ட. கடைசியில் இருக்கிறவரும் நகர்ந்து வாங்க. இது சத்தமாகச் சொல்லுகிற கதை இல்லை.

ராஜாக்களுக்கெல்லாம் முப்பாட்டன் ராஜாவாக இருந்த காலம். நெடுங்கரை என்று ஒரு தேசம். அந்தத் தேசத்து ராஜாவுக்கு யானை மேல் ஆசை இல்லை, சண்டை மேல் ஆசை இல்லை. தான் கட்டிய வாசகசாலை மேல்தான் ஆசை. நீளமான கூடம். இரண்டு ஆள் உயரத்துக்கு ஜன்னல். தேக்கு அலமாரியில் புத்தகம் எடுக்க ஏணி வைத்து ஏறணும். ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து வாசிக்கலாம். ஒரே ஒரு கட்டளை: உள்ளே வாயைத் திறக்கக்கூடாது. தும்மல் வந்தால்கூட வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வரணும்.

அந்தக் கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறவள் ஆவுடை. புருஷன் இல்லை. செவ்வந்தி என்று ஒன்பது வயசில் ஒரே மகள். ஆவுடைக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மகளோ அங்கேயே கிடந்து, தானாக எழுத்துக் கூட்டி, அலமாரியில் பாதியை வாசித்து முடித்துவிட்டாள். வாசிக்க உட்கார்ந்தால் காது கேட்காது, பசி தெரியாது. கூரை இடிந்தாலும் 'இந்தப் பக்கம் முடியட்டும்' என்பாள்.

ராஜாவுக்கு ஒரு கவலை. கரையான் வருமே, தூசி படியுமே, தன் காலத்துக்குப் பிறகு கூடம் பாழாகுமே என்று. அந்தக் கவலையை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரு சித்திரக்காரன் வந்தான். கையில் ஒரு தூரிகை, கக்கத்தில் ஒரு காகிதம்.

"ராஜாவே, இந்தக் கூடத்தை நீர்வண்ணத்தில் எழுதித் தருகிறேன். இன்றைக்கு இருக்கிறபடி என்றைக்கும் இருக்கும். ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் சித்திரத்துக்குள் போய்விடும். சம்மதமா?"

ராஜா புத்தகங்களை நினைத்தார். மனிதர்களை நினைக்கவில்லை. "போகட்டுமே," என்றார்.

சித்திரக்காரன் வாசற்படியில் உட்கார்ந்தான். ஆவுடையைக் கூப்பிட்டான். "தண்ணி கொண்டா."

முதல் குடம் வந்தது. தோய்த்தான், தொட்டான், இழுத்தான். காகிதத்தில் வெயில் விழுந்தது. கூடத்துச் சுவர் வெளுத்தது.

"தண்ணி கொண்டா."

இரண்டாம் குடம் வந்தது. தோய்த்தான், தொட்டான், இழுத்தான். காகிதத்தில் அலமாரி நின்றது. கூடத்து மரமெல்லாம் சாம்பல் பூத்தது. தலை குனிந்து வாசிக்கிறவர்கள் யாரும் பார்க்கவில்லை.

"தண்ணி கொண்டா."

மூன்றாம் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள் ஆவுடை. தோய்த்தான், தொட்டான், இழுத்தான். விசிறி இழுக்கிறவனைக் காணோம். தோய்த்தான், தொட்டான், இழுத்தான். மூலையில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் சொக்கப்பரைக் காணோம். நடுப்பலகையில் செவ்வந்தி குனிந்து வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

'அடி செவ்வந்தி, ஓடி வாடி!' என்று கத்த வாயைத் திறந்தாள். பத்து வருஷத்துப் பழக்கம், வாய் தானாக மூடிக்கொண்டது. சத்தம் வராமல், நுனிக்காலில் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது பலகையில் சூடு மட்டும் இருந்தது.

கடைசியாக ஜன்னலில் இருந்த சிட்டுக்குருவியையும் எழுதிவிட்டு அவன் எழுந்தான். "காகிதத்தில் உனக்கு இடமில்லை அம்மா. தண்ணி தந்த புண்ணியம் உனக்கு," என்று சிரித்தான். போனவன் போனவன்தான்.

பன்னிரண்டு பேர் சித்திரத்துக்குள். ராஜா தலையில் அடித்துக்கொண்டார். ஒரு மந்திரவாதி வந்து திருநீறு போட்டான். அசையவில்லை. ஒரு வைத்தியர் வந்து புகை காட்டினார். அசையவில்லை. ஒரு பண்டிதர் வந்தார். "நீரால் ஆனது நீரால் போகும்" என்று சொல்லி, முன்பக்கம் ஒரு கை தண்ணீரைத் தெளித்தார். சொக்கப்பர் இருந்த மூலையில் கருநீலம் கலங்கி வழிந்தது. அவர் பெண்சாதி அந்தக் கறையைத் தடவித் தடவி, "இதில் எது அவர் முகம்?" என்று கேட்டாள்.

அன்றைக்கே ராஜா ஆணை போட்டார். இனி அந்தக் கூடத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது. சித்திரத்தைச் சுவரில் மாட்டிக் கதவைச் சாத்தினார்கள். ஆவுடை மட்டும் தினமும் போய்ப் பெருக்குவாள், சித்திரத்துக்கு முன்னால் நிற்பாள். 'குடம் சுமந்த கை இதுதானே' என்று தன் கையையே பார்ப்பாள். அழுகிறதைக்கூட வெளியே வந்துதான் அழுவாள். கண்ணீரும் தண்ணீர்தானே.

முப்பது வருஷம் போயிற்று. தலை வெளுத்தது, முதுகு வளைந்தது.

அந்த வருஷம் அடைமழை. ஒரு காலையில் கதவைத் திறந்தால் தரையில் ஒரு சிட்டுக்குருவி, நனைந்து நடுங்குகிறது. கதவு சாத்தின கூடத்துக்குள் குருவி எப்படி? சித்திரத்தைப் பார்த்தாள். ஜன்னல் காலி.

இன்னொருத்தி என்றால் அலறியிருப்பாள். ஆவுடை சித்திரத்தைக் கழற்றித் திருப்பினாள். மழையில் சுவரெல்லாம் ஓதம். காகிதத்தின் முதுகில், குருவி இருந்த இடத்தில் மட்டும் ஈரம். ஓதம் ஏறின சுவரில் சுண்ணாம்பு எந்தப் பக்கம் உதிரும்? முன்பக்கம்தானே! முன்னால் பட்ட ஈரம் கலைத்துவிடும். பின்னால் ஊறுகிற ஈரம் வெளியே தள்ளும்.

ராஜாவிடம் ஓடினாள். அவரும் கிழவராகிவிட்டார்.

"தண்ணியா? சொக்கப்பரை மறந்துட்டியா ஆவுடை?"

"மறக்கலை மகாராஜா. அதனாலதான் என் பொண்ணுகிட்ட முதல்ல ஆரம்பிக்கிறேன்."

"அவளும் கலைஞ்சு போயிட்டா?"

"ஊரான் பிள்ளை மேல வச்சுப் பார்க்கச் சொல்றீங்களா?"

ராஜா எழுந்து அவள் பின்னாலேயே கூடத்துக்கு வந்தார்.

துணியை நனைத்து ஒட்டப் பிழிந்தாள். மகள் இருந்த இடத்துக்கு நேரே, காகிதத்தின் முதுகில் வைத்தாள். ஒற்றினாள், எடுத்தாள், பொறுத்திருந்தாள். ஒன்றும் இல்லை. ஒற்றினாள், எடுத்தாள், பொறுத்திருந்தாள். சித்திரத்தில் பின்னல் நுனி அசைந்தது. ராஜா கண்ணைப் பொத்திக்கொண்டார். ஒற்றினாள், எடுத்தாள், பொறுத்திருந்தாள்.

சொத்தென்று பலகையில் வந்து உட்கார்ந்தாள் செவ்வந்தி. அதே ஒன்பது வயசு, கையில் அதே புத்தகம். தலை நிமிரவில்லை. பக்கத்தைப் புரட்டி வாசித்துக்கொண்டே இருந்தாள்.

ஆவுடைக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் உள்ளே இன்னும் பத்துப் பேர். துணியை மறுபடி நனைத்தாள். விசிறிக்காரன் வந்தான். ஏணியில் நின்றவன் வந்தான். ஒவ்வொருவராகப் பத்துப் பேரும் வந்தார்கள். சிலரைப் பேரப்பிள்ளைகள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். சிலர் தெருவில் இறங்கி, எந்த வீடு என்று தெரியாமல் நின்றார்கள். சுவருக்கு நிறம் வந்தது, மரத்துக்கு நிறம் வந்தது. காகிதத்தில் மிஞ்சினது சொக்கப்பரின் கருநீலக் கறை மட்டும்.

கூடம் காலியானதும் செவ்வந்தி தலை நிமிர்ந்தாள். நரைத்த தலையை, வளைந்த முதுகைப் பார்த்தாள்.

"பாட்டி, எங்கம்மா தண்ணி எடுக்கப் போனாங்க. இன்னும் காணோம். நீங்க பார்த்தீங்களா?"

'நான்தான்டி' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. குழந்தை முகத்தைப் பார்த்தாள். முப்பது வருஷத்தை ஒரே சொல்லில் அதன் தலையில் எப்படிக் கொட்டுவது? விழுங்கிக்கொண்டாள்.

"வந்துடுவா தாயி. கொஞ்சம் தூரமாப் போயிட்டா. அதுவரைக்கும், அது என்ன கதை? எனக்கும் கொஞ்சம் வாசிச்சுக் காட்டேன்."

"முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்து."

செவ்வந்தி நகர்ந்து இடம் விட்டாள். முதல் பக்கத்துக்குத் திருப்பி, விரல் வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். ஆவுடை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஈரப் பின்னலை மெதுவாகப் பிரித்து, முந்தானையால் துவட்டத் தொடங்கினாள்.