கன்னத்தில் அடக்கிய அத்திப்பழம்

மலையடிவார ஓடைக்கரையில் ஓர் அத்திமரம் நின்றது. அதைக் கருமந்திகள் தங்கள் சொத்து என்றன. நாட்டுக்குரங்குகள் அந்த மரத்தில் திருடித்தான் தின்றன.

நாட்டுக்குரங்குகளின் தலைவன் வடுவன். "பறி, அடக்கு, ஓடு!" என்ற முழக்கத்தை உண்டாக்கியவன் அவன்தான். கைக்கு அகப்பட்டதைப் பறித்து, கன்னப்பையில் அடக்கி, அடி விழுமுன் ஓட வேண்டும். குட்டிகள்கூட முதலில் கற்றது அதைத்தான்.

ஒரு கோடையில் குரங்குகள் எல்லாம் திரண்டு போரிட்டன. கருமந்திகள் மலைமேல் ஓடிவிட்டன. மரம் குரங்குகளுக்குக் கிடைத்தது. ஆனால் வடுவனின் தங்கை செவலை, சண்டையில் உச்சிக்கிளையிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். மரத்தடிப் பாறையில்தான் அதன்பின் படுக்கை. எதைத் தின்றாலும் அவள் வயிற்றில் தங்கவில்லை.

மரம் பழுத்தது. வெற்றி பெற்ற குரங்குகள் அப்போதும் பறித்தன, அடக்கின, ஓடின. துரத்த ஒருவரும் இல்லை.

"அண்ணா, யாருக்குப் பயந்து ஓடுகிறீர்கள்? உட்கார்ந்து மென்று தின்னுங்கள். எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள். நான் கேட்டுக்கொண்டாவது கிடக்கிறேன்" என்றாள் செவலை.

வடுவன் சிரித்தான். "உட்கார்ந்து மெல்வது கருமந்திகளின் சொகுசு. நமக்கு எதற்கு அந்த மினுக்கு?"

சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். செவலைக்கும் மந்திப் புத்தி வந்துவிட்டதென்று கேலி செய்தார்கள்.

ஐந்தாம் நாள் மரம் மொட்டையானது. பிஞ்சுகூட மிஞ்சவில்லை. கன்னம் புடைக்க, வயிற்றைப் பிடித்தபடி வடுவன் இறங்கி வந்தான்.

"நம் மரத்துப் பழம் எப்படி இருந்தது அண்ணா?"

அவன் கன்னப்பையைப் பிதுக்கினான். காயும் பழமும் இலையும் எறும்புமாக ஒரு கூழ் வெளியே வந்தது. நூறு பழமாவது தின்றிருப்பான்.

"தெரியவில்லை, செவலை."

"அதற்கா நான் இடுப்பை ஒடித்துக்கொண்டேன்?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஓடைப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மரம் அடுத்த முறை பழுக்குமுன் இறந்துபோனாள்.

மறு பருவத்தில் வடுவன் அந்தப் பாறையில் ஒரே ஒரு பழத்தோடு உட்கார்ந்தான். மெல்லக் கடித்தான். முதலில் லேசான துவர்ப்பு. பிறகு தேன்போல ஓர் இனிப்பு. கடைசியில் விதைகள் பல்லில் நறநறத்தன. இப்போது அவனால் சொல்ல முடியும். கேட்கத்தான் அவள் இல்லை.

மேலே திரும்பி, உட்கார்ந்து தின்னுங்கள் என்று கத்திப் பார்த்தான். குட்டிகளின் முழக்கத்தில் அவன் குரல் எடுபடவில்லை.

"பறி, அடக்கு, ஓடு!"

பசி தீர்ந்த பிறகும் பயத்தோடு விழுங்குகிறவனுக்கு, போராடி வென்ற உணவும் திருடிய உணவுதான்.