ஞாபகக் கீரை

முன்னொரு காலத்தில் பொன்வயல் நாட்டை வல்லபராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். முன்கோபக்காரர். காலையில் ஒருவனுக்கு யானையைக் கொடுப்பார், மத்தியானம் அதே ஆளை யானைக் கொட்டடி கூட்டச் சொல்லுவார். கதவை உதைத்துத்தான் திறப்பார், அறைந்துதான் சாத்துவார். அவரை அடக்கத் தெரிந்தவள் ராணி குயிலம்மை ஒருத்திதான். அதட்ட மாட்டாள். "மெல்லச் சாத்துங்க, இடுக்கிலே பல்லி இருந்தா நசுங்கிடும்" என்பாள், அவ்வளவுதான்.

அந்தப் புண்ணியவதி ஓர் ஐப்பசியில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். கண்மூடுவதற்கு முன் ராஜாவைப் பார்த்து, "வரேன்" என்றாள். நம்மில் யார்தான் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புகிறோம்? ராஜாவோ அந்த ஒரு சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டார்.

வருஷம் ஒன்று ஆயிற்று. சபையைக் கூட்டினார்.

"வரேன்னு சொன்னவ ஏன் இன்னும் வரலை? செத்த பிறகு உயிர் எங்கே போகுது? சொர்க்கத்துக்கா, இன்னொரு வயிற்றுக்கா, காற்றோடவா? மந்திரி, மூன்று நாளில் பதில் வேண்டும். இல்லையென்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு எல்லை தாண்டிப் போய்விடும்!"

மந்திரி நல்லபெருமாள் விரலிலிருந்த மோதிரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அறுபது வயதில் எந்த ஊரில் போய் வேலை கேட்பது? ஆஸ்தான ஜோசியர் வில்வநாதருக்கோ வாயெல்லாம் பல். அந்த மோதிரத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

மூன்றாம் நாள் ஜோசியர் ஒரு மைனாக் கூண்டோடு வந்தார். "அரசே, மகாராணியின் உயிர் இதற்குள் புகுந்திருக்கிறது. நீங்களே கேளுங்கள்!"

மைனா கழுத்தைச் சாய்த்தது. "வல்லபராயா! வந்துட்டேன்! ஜோசியரை மந்திரியாக்கு!"

ராஜா ஓடிவந்து கூண்டைக் கட்டிக்கொண்டு அழுதார். சபையே மூக்கைச் சிந்தியது. "மந்திரி, மோதிரத்தைக் கழற்றும்" என்றார் ராஜா.

நல்லபெருமாள் கழற்றி நீட்டினார். "போகிறவன் ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா? மகாராணி உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"எங்கே கூப்பிட்டாள்? வளையலை ஒரு குலுக்குக் குலுக்குவாள், நான் திரும்பிப் பார்ப்பேன். புருஷன் பேரைச் சொல்லுவாளா? என் பேரிலே 'வல்ல' இருக்குன்னு வல்லாரைக் கீரையைக்கூட அவ அந்தப் பேர் சொல்லிக் கேட்டதில்லை. 'ஞாபகக் கீரை'ம்பாள். புதுச் சமையல்காரன் திருதிருன்னு முழிப்பான்..."

சிரித்துக்கொண்டே சொன்னவர் சட்டென்று நிறுத்தினார். மைனா நேரம் பார்த்து, "வல்லபராயா!" என்றது.

ஜோசியர் மேல்துண்டை எடுத்துக் கூண்டை மூடப் பார்த்தார். கட்டைப் பிரம்மச்சாரி, பாவம். வீட்டில் வளையல் சத்தம் கேட்டிருந்தால் அல்லவா இதெல்லாம் தெரியும்!

"இந்த மைனா என் பேரை மறக்கிறவரைக்கும் தினமும் நீரே வெட்டுக்கிளி பிடித்து இதற்குப் போடும். போம் வெளியே!" என்று கர்ஜித்தார் ராஜா. ஜோசியர் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாய் ஓடினார்.

கோபம் இறங்கியதும் ராஜாவின் முகம் வாடிவிட்டது. "அப்போ அவ வரவே மாட்டாளா, நல்லபெருமாள்?"

"செத்தவங்க எங்கே போறாங்கன்னு பார்த்துட்டு வந்தவன் நானில்லை, அரசே. தெரியாததைத் தெரியும்னு சொல்லி அந்த மோதிரத்தைப் போட்டுக்க எனக்கு மனசு வரலை."

ஜோசியர் திறந்துபோட்டுப் போன கதவைக் காவலன் ஓங்கிச் சாத்தப் போனான்.

"மெல்ல, மெல்ல! இடுக்கிலே பல்லி இருந்தா நசுங்கிடும்" என்றார் ராஜா.

மந்திரி எழுந்து நின்று ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினார். "வாங்கம்மா" என்றார்.

ராஜாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மோதிரத்தை எடுத்துத் தன் கையாலேயே மந்திரியின் விரலில் போட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் ஒரு வருஷத்துக்குப் பிறகு இலை முன்னால் ஒழுங்காக உட்கார்ந்து, "ஞாபகக் கீரை இன்னும் கொஞ்சம் போடப்பா" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பொன்வயலில் அந்தக் கீரைக்கு அதற்குப் பிறகு வேறு பேரே கிடையாது.