குல்லாவுக்குள்ள இருந்த டப்பா

"டூருக்குப் போறியா, அன்னதானம் போடப் போறியா? பெட்டியைத் திறந்தா துணி வாசனை வரலை, புளி வாசனை வருது!"

இப்படி ஒருத்தர் கத்துறார். யாரு, எதுக்குன்னு சொல்றேன், முதல்ல நீ காலை ஆட்டுறதை நிறுத்து மகிழ். போர்வை என் பக்கம் இல்லாமப் போகுது. நிறுத்தியாச்சா? வாயைத் திறந்து சொல்லு, தலையாட்டினா இருட்டுல எனக்கு எப்படித் தெரியும்?

"ம்."

வெரி குட். ஒரு ஊர்ல ஒரு லைசென்ஸ் இருந்துச்சாம். சிரிக்காதே. ராஜா இருக்கலாம், நரி இருக்கலாம், லைசென்ஸ் இருக்கக் கூடாதா? அந்த ஊர் குரோம்பேட்டை. மொட்டை மாடியில துணி காயப்போட்டா தலைக்கு மேல உய்ய்ய்ய்னு விமானம் போகும். அந்த லைசென்ஸ், குணசுந்தரின்னு ஒரு அம்மாவோட கைப்பையில, தலைவலித் தைலத்துக்கும் பழைய பஸ் டிக்கெட்டுக்கும் நடுவுல சும்மா படுத்துக் கிடந்துச்சு. தலை நரைக்க ஆரம்பிச்ச அப்புறம், டிரைவிங் ஸ்கூல்காரர்கிட்ட திட்டு வாங்கி, எட்டு போட்டுக் காட்டி, சம்பாதிச்ச லைசென்ஸ். ஆனா வெளிய வந்து ஒரு நாள் காத்து வாங்கினதில்லை.

ஏன்? அவ வீட்டுக்காரர் பேரு தயாளன். நல்ல மனுஷன். பக்கத்து வீட்டுக்காரன் கேட்டா ஏணியைக் குடுப்பார், எதிர் வீட்டுக்காரன் கேட்டா குடையைக் குடுப்பார். பொண்டாட்டி கேட்டா கார் சாவியை மட்டும் குடுக்க மாட்டார். ஒரு நாள், "இன்னைக்கு ரோட்டுல கூட்டம் குணா." அப்புறம் ஒரு நாள், "மழை வர்ற மாதிரி இருக்கு." அப்புறம் ஒரு நாள் கூட்டமும் இல்லை, மழையும் இல்லை. அப்போ என்ன சொன்னார் தெரியுமா? "ரோடு காலியா இருக்கு, எல்லாரும் கண்ணுமண்ணு தெரியாம வருவாங்க." எப்படி இருக்கு பாரு.

"ம்."

அந்த வருஷம் ஒரு டூர் கிளம்பினாங்க. விமானத்துல வடக்க போய் இறங்குறது, அங்கயே வாடகைக்கு ஒரு காரை எடுக்குறது, தாங்களே ஓட்டிக்கிட்டு மலைமேல ஏறுறது. தயாளன், குணா, தயாளனோட அக்கா பங்கஜம், மூணு பேர். குணா நினைச்சா, அந்த ஊர்ல நம்ம ஆளுங்க ஒருத்தரும் பார்க்கப் போறதில்லை, அங்கயாவது ஓட்டிடணும். கேட்டா. வாடகைக்காரங்ககிட்ட தன் லைசென்ஸையும் காட்டச் சொன்னா. தயாளன் யோசிச்சார். அவருக்கும் ரொம்ப நாளா ஒரு குறை உண்டு. பொண்டாட்டி எந்த ஊருக்குக் கிளம்பினாலும் அடுப்படியையே தூக்கிட்டு வருவா. ஒரு தடவை ஊட்டியில, ஏரியைப் பார்த்த மாதிரி அருமையா ஒரு ஓட்டல், அதுக்கு எதிர்த்த பெஞ்சுல உக்காந்து எலுமிச்சம்பழ சாதம் தின்னார், பாவம்.

அதனால அவர் சொன்னார், "சாப்பாட்டு மூட்டை இல்லாம வந்தேன்னா, மலையில சாவி உன் கையில. ஒரு பொட்டலம் கண்ணுல பட்டாலும் சாவி என் பையில."

குணா, "சரிங்க"ன்னா.

சொன்னவ சும்மா இருந்தாளா? கை இருக்கே கை, அது சும்மா இருக்காது. சாவியும் வேணும், சோறும் வேணும். அவ மனசுல ஓடினது ஒண்ணுதான். வழியில ஒண்ணும் கிடைக்கலைன்னா இந்த மனுஷன் பசியில எரிஞ்சு விழுவார், அப்போ "ஏன் ஒண்ணும் எடுத்துட்டு வரலை"ன்னு என்னைத்தான் கேப்பார். இது அவளுக்கு நல்லாத் தெரியும். எல்லா வீட்டுலயும் தெரியும்.

முதல்ல புளியோதரை. நல்லெண்ணெய் விட்டு, வேர்க்கடலை போட்டு, வாழையிலையை வாட்டி, பொட்டலம் கட்டி, தன் பெட்டியில புடவைக்கு அடியில சொருகினா. கிளம்புற அன்னைக்குக் காலையில தயாளன் அந்தப் பெட்டியைத் தூக்கினார். மூக்கை இழுத்தார். உஸ்ஸ்... உஸ்ஸ்... டப்புன்னு திறந்தார். அப்போ கத்தினதுதான் நான் முதல்ல சொன்னது. பொட்டலம் வாட்ச்மேன் வீட்டுக்குப் போயிடுச்சு.

"இது முதல் தடவைங்கறதால விட்டுடறேன்"னார் பெரிய ஜட்ஜ் மாதிரி.

அப்புறம் ஏர்ப்போர்ட். குணாவோட கைப்பை கடகடகடன்னு அந்த மிஷினுக்குள்ள போச்சு, வெளிய வராம நின்னுச்சு. ஒரு பாதுகாப்பு அம்மா, விறைப்பா யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு, கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்தாங்க. மாங்காய்த் தொக்கு. எண்ணெய் மேல மினுமினுன்னு மிதக்குது.

"இது கையில கொண்டு போகக் கூடாதும்மா."

"மாங்காய்தாங்க."

"எண்ணெய்ம்மா. இந்த ஃபிளாஸ்க்ல என்ன?"

"சுக்குக் காபி."

"குடிச்சுக் காட்டுங்க."

குணா மடக் மடக்னு குடிச்சா. சூடு! கண்ணுல தண்ணி. அவ கண்ணுல தண்ணி வந்தது சூட்டாலயா, பின்னாடி தயாளன் சிரிச்ச சிரிப்பாலயான்னு எனக்குத் தெரியாது. தொக்கு பாட்டில் குப்பைக் கூடையில தொபுக்.

"சாவி போச்சு குணா"ன்னார் தயாளன்.

பங்கஜம் வேற தம்பி பக்கம். "உனக்கு நல்லா வேணும்மா. வீட்டுல ஒண்ணு, ஏர்ப்போர்ட்ல ஒண்ணுன்னு மாட்டிக்கிறியே. போற ஊர்ல சோறே இல்லையா?"

"இருக்கும் அண்ணி"ன்னு மட்டும் சொன்னா குணா. அவ சும்மா இருந்தா நீ உஷாரா இருக்கணும். முழிச்சிட்டிருக்கியா?

"ம்ம்."

அப்போ கேளு. மூணாவதா ஒரு டப்பா இருந்துச்சு. எங்க? தயாளனோட பெட்டியில! அவரோட பெட்டியை அவர் கட்ட மாட்டார், பொண்டாட்டிதான் கட்டுவா. உள்ள பனியன் எத்தனைன்னுகூட அவருக்குத் தெரியாது. ஊர்ல எல்லாப் பெட்டியையும் மோப்பம் பிடிச்ச மனுஷன் தன் பெட்டியை மட்டும் மோந்து பார்க்கலை. அதுல, அவரோட மங்கி குல்லாவுக்குள்ள, திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. அதுக்குள்ள தயிர்சாதம்.

தயிர்சாதம்னா, தயிர் ஊத்தினதில்லை. வெளியூர் போறவங்க தயிரை ஊத்திப் பிசைஞ்சா போறதுக்குள்ள புளிச்சிடும். அதனால சாதத்தைக் குழைய வடிச்சு, பாலை ஊத்தி, உறைக்கு ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டு, கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய் தாளிச்சு மூடிடுவாங்க. காலையில அது பால்சாதம். நம்ம ஊர் வெயில்ல, பஸ்ஸுல, ரயில்ல, தானா உறைஞ்சு மத்தியானம் தயிர்சாதம். நம்ம ஊர் வெயில்லன்னு சொன்னேன், ஞாபகம் வச்சுக்கோ.

அங்க போய் இறங்கி, காரை எடுத்து, மலை ஏறினாங்க. உர்ர்ர்ர்னு வண்டி. பக்கத்துல ஆறு சலசலன்னு. தயாளன்தான் ஓட்டுறார். பக்கத்து சீட்டுல குணா கைப்பையை மடியில வச்சுக்கிட்டு, அவர் கியர் போடுறப்பல்லாம் தன் காலால இல்லாத கிளட்சை மிதிக்கிறா. ஒவ்வொரு வளைவுலயும் மிதிக்கிறா. அவருக்குத் தெரியாது.

சாப்பாட்டுக் கடை வந்துச்சு. "இன்னும் மேல நல்ல கடை வரும்"னார். அப்புறம் இன்னொண்ணு வந்துச்சு. "இங்க கூட்டம்"னார். அப்புறம் கடையே வரலை. அப்புறம், மேலேர்ந்து பாறை சரிஞ்சு ரோடு அடைச்சுப் போச்சு. முன்னாடி லாரி, பின்னாடி பஸ். ஒரு வண்டியும் நகரலை. சிலுசிலுன்னு குளிர்.

தயாளன் வயிறு கிர்ர்ர்னுச்சு.

"குணா... சும்மா கேக்குறேன். பையில பிஸ்கட் கிஸ்கட்..."

"சாப்பாட்டு மூட்டை கூடாதுன்னீங்களே. நான் கொண்டு வரலையே."

கொஞ்ச நேரம் போச்சு. கிர்ர்ர்ர்ர்.

"அந்தப் புளியோதரை..."

"வாட்ச்மேன் பேரப்பிள்ளைங்க நல்லா சாப்பிட்டிருப்பாங்க."

அப்புறம் பின்சீட்டுலேர்ந்து பங்கஜம். "ஏம்மா குணா, நீ வெறுங்கையோட வர்ற ஆளா? எனக்குத் தெரியும்மா. எங்க வச்சிருக்கே?"

"வச்சிருந்தா சாவி போயிடுமே அண்ணி."

"டேய் தயாளா, சாவியைக் குடுத்துத் தொலைடா! கை காலெல்லாம் நடுங்குது எனக்கு."

தயாளன் ஆத்தைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். சாவியை உருவி, பார்க்காத மாதிரி குணா கைப்பை மேல வச்சார். குணா எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. அப்புறம் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து, அவர் பெட்டியைத் திறந்து, அவர் குல்லாவை எடுத்தா.

"என் பெட்டியிலயா!"

"உங்க பெட்டியிலதான். அப்போ கொண்டு வந்தது யாரு?"

மூடியைக் கரகரன்னு திருகித் திறந்தா. மூணு தலையும் உள்ள எட்டிப் பார்த்துச்சு.

உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? பால். காலையில ஊத்தின மாதிரியே தளதளன்னு பால். விமானத்தோட வயித்துல குளிர், டிக்கியில குளிர், எங்கேர்ந்து உறையும்? குணாவுக்கு முகமே விழுந்துபோச்சு. அவ நம்ம ஊர் வெயிலை நம்பிப் பிசைஞ்சிருக்கா. அந்த வெயிலைப் பெட்டியில வைக்க மறந்துட்டா.

"இது என்ன, உப்புப் போட்ட பாயசமா?"ன்னு கேட்டார் தயாளன். பசியிலயும் கிண்டல் போகலை பாரு. கையை நீட்டினார். "குடு சாவியை."

குணா முந்தானையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "உறையும். ஹீட்டரைப் போட்டு, சால்வை சுத்தி, மடியில வச்சு ஆடாம அசையாமக் கொண்டு போனா உறையும். உறையலைன்னா இந்த லைசென்ஸை நானே கிழிச்சுப் போடறேன். உறைஞ்சா, ஊர் திரும்புற வரைக்கும் சாவி எனக்கு."

"யார் மடியில?"

"என் மடியில நிக்காது, நான் மூச்சு விட்டாலே வயிறு ஆடும்"னு சொல்லிட்டா பங்கஜம்.

சாவியோ குணா முந்தானையில, அப்போ மிச்சம் யாரு? மடியில டப்பாவை வச்சுக்கிட்டு வண்டி ஓட்ட முடியுமா? முடியாது. இறங்கி இந்தப் பக்கம் வந்து உக்காந்தார் தயாளன், தலையில குல்லா, மடியில சால்வை சுத்தின டப்பா. பிறந்த குழந்தையைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கார். முன்னாடி பாறையை அள்ளி வழி விட்டாங்க. வண்டிங்க ஒண்ணு பின்னால ஒண்ணா மெதுவா நகர்ந்துச்சு.

குணா சாவியைத் திருகினா. உர்ர்ர். கைப்பைக்குள்ள அந்த லைசென்ஸ் எழுந்து உக்காந்திருக்கும்.

முதல்ல பாறை விழுந்த இடம். ஜல்லியும் கல்லுமா கிடக்கு. "ஐயோ பார்த்து, உறை கலைஞ்சிடும்!"னு கத்தினார் தயாளன். குணா கிளட்சை மெல்ல விட்டு, எறும்பு போற மாதிரி போனா. டப்பா ஆடலை.

அப்புறம் கொண்டை ஊசி வளைவு. எதிர்ல லாரி பாம்ம்ம்னு வருது. "பார்த்து..."ன்னார், கொஞ்சம் மெல்ல. குணா ஒதுங்கி நின்னு, அவனைப் போக விட்டு, வளைச்சு எடுத்தா. டப்பா ஆடலை.

அப்புறம் ஒரு இரும்புப் பாலம். கடகடா கடகடான்னு பலகை ஆடுற பாலம். குணா பல்லைக் கடிச்சுக்கிட்டு மெதுவா ஏத்தினா. இப்போ "பார்த்து"ன்னு கத்துவார், இப்போ கத்துவார்னு காதைத் தீட்டிக்கிட்டே ஓட்டினா. சத்தமே இல்லை. பாலம் முடிஞ்சுது. திரும்பிப் பார்க்கப் பயம், கண்ணை ரோட்டுலேர்ந்து எடுக்கலை. "என்னங்க"ன்னா.

பின்னாடியிருந்து பங்கஜம் குசுகுசுன்னு சொன்னா, "அவன் தூங்கிட்டாம்மா."

தூங்கிட்டார்! அவ சாவியைத் தொட்டாலே மழை வரும்னு சொன்ன மனுஷன், மலைப்பாதையில, அவ ஓட்டுற வண்டியில, வாயைத் திறந்துக்கிட்டு கொர்ர்ர் கொர்ர்ர்னு. கை மட்டும் டப்பாவை விடலை.

குணா இன்னும் மெதுவா ஓட்டினா.

தங்குற இடம் வந்ததும் எழுப்பினா. "வந்துட்டோமா? எப்போ?"ன்னு முழிச்சார். டப்பாவை வாங்கித் திறந்தா. ஸ்பூனைக் குத்தி நிறுத்தினா. ஸ்பூன் நின்னுச்சு! வெள்ளை வெளேர்னு, கட்டியா, புளிக்காத தயிர்சாதம். மூணு பேரும் டப்பாவுலயே ஆளுக்கொரு ஸ்பூன் விட்டுத் தின்னாங்க. "அந்தத் தொக்கு இருந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சார் தயாளன். ரெண்டு பேரும் அவரை ஒரு பார்வை பார்த்தாங்க. வாயை மூடிக்கிட்டார். மறுநாள் காலையில அவரே போய் இந்தப் பக்கத்துச் சீட்டுல உக்காந்துக்கிட்டாராம், யாரும் சொல்லாமலே, குல்லாவைப் போட்டுக்கிட்டு.

சோறும் தீர்ந்துச்சு, கதையும் தீர்ந்துச்சு, டப்பாவைக் கழுவிக் கவுத்தாச்சு, கண்ணை மூடு.

நாளைக்குக் காலையில நாமளும் கிளம்பணும். பால் காய்ச்சி ஆற வச்சிருக்கேன். உங்க பெரியப்பா பெட்டியையும் நான்தான் கட்டியிருக்கேன், அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கலை. என் லைசென்ஸ் கைப்பையில இருக்கு, அவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கார்.

நான் கேட்டா மழை வரும்பார். நீ கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டார். விமானத்துலேர்ந்து இறங்கி காரை எடுத்ததும், "சாவியைப் பெரியம்மாகிட்ட குடுங்க பெரியப்பா"ன்னு ஒரே ஒரு வார்த்தை கேளேன் மகிழ். கேப்பியா?

ம் சொல்லு.